ரோலர் கோஸ்டர் ஏறும்போது வரும் 'டக் டக்' சத்தம் எதனால்?

தென்னங்கீற்று | ஞாயிறு, இரவு 9.12

ஏழாம் வகுப்பு படிக்கும் மகளின் நச்சரிப்பு தாங்காமல் இன்று ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போய் ரோலர் கோஸ்டரில் ஏறினேன். மேட்டில் ஏறும் வரை இருக்கைக்கு அடியில் 'டக் டக் டக்' என்று ஒரு சத்தம். "அப்பா, இது என்ன சத்தம்?" என்றாள். "எஞ்சின்" என்று சொல்லிவைத்தேன். உச்சியைத் தாண்டியதும் அந்தச் சத்தம் நின்றது. அதற்குமேல் என் அலறலைத் தவிர வேறெதுவும் எனக்குக் கேட்கவில்லை.

கீழே வந்ததும் அவள் கேட்டாள்: "எஞ்சின் உச்சியிலேயே நின்றுவிட்டதே, பிறகு எப்படி ஓடியது?" தலைகீழாகச் சுற்றியதில் இடது செருப்பைப் பறிகொடுத்துவிட்டு ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தேன். பதில் தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நாளைக் காலை பள்ளிக்கூட வேன் வருவதற்குள் கிடைத்தால் நல்லது.

---

கரும்பலகை | ஞாயிறு, இரவு 9.40

உங்கள் மகள் கேட்டதுதான் சரியான கேள்வி. வண்டியில் எஞ்சின் கிடையாது. தரையில் இருக்கும் மோட்டார் ஒரு சங்கிலியைச் சுழற்றுகிறது. சங்கிலி வண்டியை மேட்டின் உச்சி வரை இழுத்துக்கொண்டு போய் விட்டுவிடுகிறது. அதோடு அதன் வேலை முடிந்தது. மீதியெல்லாம் அந்த உயரத்தில் சேர்ந்த நிலை ஆற்றல் இயக்க ஆற்றலாக மாறுவதுதான்.

30 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால், உராய்வை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், அடியில் மணிக்கு 87 கி.மீ. வேகம் வரும். உராய்வும் காற்றும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே இருப்பதால் அடுத்தடுத்த மேடுகள் உயரம் குறைந்துகொண்டே போகும். நன்றாகப் பாருங்கள், முதல் மேட்டை விட உயரமான மேடு பின்னால் வராது. நடுவில் மறுபடியும் தள்ளிவிட ஓர் ஏற்பாடு இருந்தால் தவிர.

சத்தத்தைப் பற்றி எனக்குத் தெரியாது. சங்கிலிச் சத்தமாக இருக்கலாம்.

---

நட்டுபோல்ட்டு | ஞாயிறு, இரவு 10.05

//சங்கிலிச் சத்தமாக இருக்கலாம்//

இல்லை ஐயா. வளைகுடாவில் ஒரு பூங்காவில் ஆறு ஆண்டுகள் பராமரிப்பில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன். அது சங்கிலி அறுந்தால் காப்பாற்றும் கொக்கியின் சத்தம்.

ஏற்றத்தில் தண்டவாளத்தின் நடுவே, படிக்கட்டு போல் பல் வெட்டிய ஒரு நீண்ட இரும்புச் சட்டம் இருக்கும். வண்டிக்கு அடியில் கீல் போட்டு மாட்டிய கனமான கொக்கி ஒன்று தொங்கும். வண்டி மேலே போகப் போக, கொக்கி ஒவ்வொரு பல்லாக ஏறி, தாண்டி, பள்ளத்தில் விழும். விழும்போது 'டக்'. மின்சாரம் போனாலும், சங்கிலி அறுந்தாலும் வண்டி ஒரு பல் தூரம்தான் பின்னால் வரும். கொக்கி மாட்டி நின்றுவிடும். சைக்கிளை மிதிக்காமல் உருட்டினால் ஃப்ரீவீல் 'டிக் டிக்' என்கிறதல்லவா, குடும்பம் அதே குடும்பம்தான்.

ஆங்கிலத்தில் இந்தக் கொக்கிக்கு 'நாய்' என்று பெயர். வேலைத் தளத்தில் நாங்களும் 'டாக்' என்றுதான் சொல்லுவோம். கவ்வினால் விடாது.

வேடிக்கை என்னவென்றால், ஏறுகிறவர்களுக்கு வயிற்றைக் கலக்குவது இந்தச் சத்தம்தான். புதிய வண்டிகள் சிலவற்றில் கொக்கி பல்லைத் தொடாமல் பார்த்துக்கொள்ளும் அமைப்பு இருக்கிறது, சத்தமில்லாமல் ஏறும். எனக்கு அது பிடிக்காது. சத்தம் வந்தால் நாய் வேலை பார்க்கிறது என்று தெரியும்.

---

ஓலைச்சுவடி | ஞாயிறு, இரவு 11.31

அந்த நாயை வளர்த்தவர் ஜான் மில்லர் என்ற அமெரிக்கர். பின்னால் உருளாமல் தடுக்கும் கொக்கிக்கு 1910இல் காப்புரிமை வாங்கினார். 1919இல் அதைவிடப் பெரிய காரியம் ஒன்றைச் செய்தார்: தண்டவாளத்துக்கு அடியிலும் சக்கரம் வைத்தார்.

அதுவரை வண்டிகள் தங்கள் எடையால் மட்டுமே பாதையில் உட்கார்ந்திருந்தன. மேட்டின் உச்சியில் வேகமாகப் போனால் எகிறிவிடும் என்பதால் மேடுகளை மெல்லச் சரித்துத்தான் கட்டினார்கள். அடிச்சக்கரம் வந்ததும் வண்டி தண்டவாளத்தை மேலும் கீழும் கவ்விக்கொண்டது. உடனே சரிவுகள் செங்குத்தாயின. 1927இல் நியூயார்க்கின் கோனி ஐலண்டில் கட்டிய சைக்ளோன் அந்தக் காலத்துப் பிள்ளை. சுமார் 26 மீட்டர் இறக்கம். மர வண்டிதான்; இன்றும் ஓடுகிறது.

அடிச்சக்கரத்துக்கு முந்தைய தலைமுறையைப் பார்க்க வேண்டுமானால் பென்சில்வேனியாவின் அல்டூனாவில் 1902இல் கட்டிய லீப் தி டிப்ஸ் இருக்கிறது. அடிச்சக்கரமும் கிடையாது, இருக்கைப் பட்டியும் கிடையாது. மெல்போர்ன் லூனா பார்க்கில் 1912 முதல் ஓடும் சீனிக் ரயில்வேயில், வண்டிக்குள்ளேயே ஒருவர் நின்றுகொண்டு கையால் பிரேக் போடுகிறார். நம் ஊர் பஸ்ஸில் நடத்துநர் நிற்பது போல.

---

வெறும்வாய் | திங்கள், காலை 6.50

இது ரஷ்யர்கள் கண்டுபிடித்தது என்று எங்கோ படித்தேன். இப்போது எல்லாப் பெருமையும் அமெரிக்கர்களுக்கா?

---

ஓலைச்சுவடி | திங்கள், காலை 7.20

ரஷ்யர்களே அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்! பிரெஞ்சிலும் ஸ்பானியத்திலும் ரோலர் கோஸ்டருக்கு 'ரஷ்ய மலை' என்று பெயர். ரஷ்ய மொழியில் 'அமெரிக்க மலை'. பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று இருவருமே கை காட்டுகிறார்கள்.

தொடக்கம் ரஷ்யாதான். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பக்கம் குளிர்காலத்தில் 20 மீட்டருக்கு மேல் உயரமாக மரச்சாரம் கட்டி, சரிவில் தண்ணீர் ஊற்றி உறையவிட்டுச் சறுக்குவார்கள். ஒரு வகையில் ராட்சதச் சறுக்குமரம். அடியில் மணலைக் கொட்டி வேகத்தைக் குறைப்பார்கள். பனி இல்லாத காலத்திலும் சறுக்க வேண்டும் என்ற ஆசையில் சக்கரம் வந்தது. பேரரசி இரண்டாம் கேத்தரினுக்காக ஒரானியன்பாமில் அப்படி ஒன்று கட்டினார்கள். அதன் மண்டபம் மட்டும் இன்னும் நிற்கிறது. 1817இல் பாரிஸின் பெல்வில்லில் 'ரஷ்ய மலை' திறந்தபோது, சக்கரத்தின் அச்சு பக்கவாட்டுக் காடியில் பொருந்தியபடி ஓடியது. வண்டியைப் பாதையோடு பூட்டும் யோசனை அப்போதே வந்துவிட்டது. நடுவில் நூறு ஆண்டுகள் மறந்துபோனார்கள்.

எனக்குப் பிடித்த கதை வேறு. பென்சில்வேனியாவில் மாக் சங்க் என்ற ஊர். 1827இல் மலைமேல் இருந்த சுரங்கத்திலிருந்து நிலக்கரியை இறக்க 14 கி.மீ. நீளத்துக்குத் தண்டவாளம் போட்டார்கள். சரிவு சீராக இருந்ததால் கரிவண்டிகள் தாமாகவே உருண்டு இறங்கும். காலி வண்டிகளை மேலே இழுத்துப்போகக் கோவேறு கழுதைகள். அந்தக் கழுதைகளும் கீழே வர வேண்டுமே? அவற்றுக்கென்று தனிப் பெட்டி கோத்து, தீவனம் வைத்து, கரியோடு சேர்த்து உருட்டிவிட்டார்கள். சவாரிக்குப் பழகிய கழுதைகள் பிறகு ஒருநாளும் நடந்து இறங்கச் சம்மதிக்கவில்லை என்று சொல்வார்கள். உலகின் முதல் ரோலர் கோஸ்டர் பைத்தியங்கள் அவைதான் என்பது என் கட்சி.

வேடிக்கை பார்க்க வந்த மனிதர்களும் காசு கொடுத்து ஏறத் தொடங்கினார்கள். 1872இல் கரிக்கு வேறு ரயில் பாதை கிடைத்ததும் இது முழுநேரச் சுற்றுலா ரயிலானது. அதன் பிறகு வந்தவர் லாமார்கஸ் தாம்சன். தையல் இல்லாத காலுறை செய்து பணம் பார்த்தவர். 1884இல் கோனி ஐலண்டில் மரத்தால் ஒரு பாதை போட்டார். மணிக்குச் சுமார் 10 கி.மீ. வேகம், கட்டணம் 5 சென்ட். கடற்கரையைப் பார்த்தபடி பக்கவாட்டில் உட்கார்ந்து போக வேண்டும். மறுமுனையில் எல்லோரும் இறங்கி நிற்க, ஆட்கள் வண்டியைத் தள்ளி அடுத்த மேட்டில் ஏற்றுவார்கள். அதற்கே கூட்டம் தாங்கவில்லை. அடுத்த ஆண்டே பிலிப் ஹிங்கிள் என்பவர் வண்டியை இயந்திரத்தால் இழுத்து ஏற்றும் மேட்டைக் கொண்டுவந்துவிட்டார்.

---

தென்னங்கீற்று | திங்கள், காலை 7.44

வேன் வருவதற்குள் நாய்க் கதையையும் கழுதைக் கதையையும் சொல்லியாகிவிட்டது. நன்றி. போகிறபோக்கில் அடுத்த கேள்வியை வீசிவிட்டுப் போயிருக்கிறாள்: "தலைகீழாகச் சுற்றும் வளையம் ஏன் வட்டமாக இல்லை? முட்டை மாதிரி இருந்ததே?" நான் கண்ணை மூடியிருந்ததால் பார்க்கவில்லை.

---

கரும்பலகை | திங்கள், மாலை 5.15

அவளை என் வகுப்புக்கு அனுப்பிவையுங்கள்.

தூக்குவாளியில் தண்ணீர் வைத்துச் சுழற்றினால் சிந்தாதல்லவா, அதே கதைதான். ஆனால் ஒரு சிக்கல். வளையம் சரியான வட்டம் என்று வைத்துக்கொள்வோம். வண்டி உச்சியில் விழாமல் தப்பும் அளவுக்கு மட்டும் வேகம் இருந்தால் போதும் என்றாலும், அடியில் நுழையும்போது பயணிக்குத் தன் எடையைப் போல் 6 மடங்கு அழுத்தம் கிடைக்கும். இதில் வட்டம் பெரிதா சிறிதா என்பது கணக்கிலேயே வராது. எவ்வளவு பெரிதாகக் கட்டினாலும் அதே 6 தான். அறுபது கிலோ ஆள் 360 கிலோவாகிவிடுகிறார். தலை மட்டும் 30 கிலோ. கழுத்து என்ன செய்யும்?

1895இல் கோனி ஐலண்டில் ஃப்ளிப் ஃப்ளாப் என்று ஒன்றை 7.6 மீட்டர் விட்டமுள்ள வட்டமாகவே கட்டினார்கள். ஏறியவர்கள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். அதில் 12 மடங்கு அழுத்தம் வந்தது என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். எனக்கு அந்த எண்மேல் நம்பிக்கை இல்லை. 12 வர வேண்டுமானால் வண்டி ஏறக்குறைய 21 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கியிருக்க வேண்டும், 7.6 மீட்டர் வளையத்துக்கு யார் அவ்வளவு உயரம் கட்டுவார்கள்? ஆனால் 6 என்றாலே கழுத்து சுளுக்கப் போதும்.

தீர்வு எளிது: அடியில் வளைவை அகலமாக்கு, உச்சியில் குறுக்கு. வேகம் அதிகமுள்ள இடத்தில் மெல்ல வளையும். வேகம் குறைந்த இடத்தில் சட்டென்று திரும்பும். தலைகீழான கண்ணீர்த்துளி வடிவம். 1901இலேயே அதே கோனி ஐலண்டில் நீள்வட்ட வளையம் ஒன்றை முயன்றார்கள். உடம்பு தாங்கியது, வியாபாரம் தாங்கவில்லை. ஏறியவர்களைவிட நின்று பார்த்தவர்களே அதிகம். உருக்குக் குழாய்த் தண்டவாளம் வந்த பிறகே தலைகீழ் மறுபடி தலையெடுத்தது. 1976இல் கலிபோர்னியாவின் மேஜிக் மவுண்டன் பூங்காவில் ரெவல்யூஷன் என்ற வண்டி வந்தது. வளையத்தைக் கணக்கிட்டவர் வெர்னர் ஸ்டெங்கல் என்ற ஜெர்மன் பொறியாளர்.

---

பழைய தண்டவாளம் | திங்கள், மாலை 6.02

ரயில்வேயில் பாதைப் பராமரிப்பில் முப்பத்தொரு ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன். ஸ்டெங்கல் புதிதாக எதையும் வானத்திலிருந்து இறக்கவில்லை. நேர்பாதையிலிருந்து வளைவுக்கு ரயில் நேரடியாகத் திரும்பினால் பெட்டி குலுங்கும். அதனால் நடுவில் கொஞ்சம் கொஞ்சமாக வளைவு கூடும் ஒரு துண்டைப் போடுவோம். இடைவளைவு. அந்தத் துண்டைச் சுவரில் நிமிர்த்தி நிற்கவைத்தால் உங்கள் முட்டையின் பாதி கிடைத்துவிடும்.

---

வெறும்வாய் | திங்கள், இரவு 8.30

நல்லது. இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். முன் இருக்கையா, பின் இருக்கையா? முன்னால் உட்கார்ந்தால்தான் பயம் என்கிறார்கள். வரிசையும் அங்கேதான் நீளம்.

---

நட்டுபோல்ட்டு | திங்கள், இரவு 9.10

கண்ணுக்குப் பயம் வேண்டுமானால் முன்னால். வயிற்றுக்கு வேண்டுமானால் கடைசி வரிசை. வேலை முடிந்து நாங்கள் ஏறினால் கடைசி வரிசைக்குத்தான் அடித்துக்கொள்வோம்.

காரணம் இதுதான். பெட்டிகள் எல்லாம் கோத்திருப்பதால் ஒரே வேகத்தில்தான் போகும். முன்பெட்டி உச்சியைத் தாண்டும்போது பின்பெட்டிகள் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும். அதனால் முன்பெட்டி விளிம்பில் தயங்கித் தயங்கி எட்டிப் பார்க்கும். கடைசிப் பெட்டி உச்சிக்கு வரும்போது முக்கால்வாசி ரயில் இறக்கத்தில் விழுந்து வேகம் பிடித்திருக்கும். கடைசிப் பெட்டியைச் சவுக்கு வீசுவது போல் சுண்டி இழுக்கும். இருக்கையிலிருந்து தூக்கிப்போடுவது அங்கேதான். பள்ளத்தின் அடியில் அழுத்தம் அதிகம் கிடைப்பது மட்டும் நடுப்பெட்டிக்கு.

இன்னொன்று: காலையில் முதல் ஓட்டத்தைவிடப் பிற்பகல் ஓட்டம் வேகம். சக்கரத்தின் பாலியூரித்தேன் பட்டையும் கிரீஸும் சூடாகியிருக்கும். ஆள் நிறைந்த வண்டி காலி வண்டியை விட வேகமாக ஓடும்.

---

கரும்பலகை | திங்கள், இரவு 9.26

//ஆள் நிறைந்த வண்டி காலி வண்டியை விட வேகமாக ஓடும்//

மன்னிக்க வேண்டும், இதை ஏற்க முடியாது. இறங்கும் வேகத்துக்கும் நிறைக்கும் சம்பந்தமில்லை. கலிலியோ காலத்திலேயே தீர்ந்த வழக்கு.

---

நட்டுபோல்ட்டு | திங்கள், இரவு 9.33

கலிலியோ எங்கள் பூங்காவுக்கு வந்ததில்லை ஐயா. காலையில் திறப்பதற்கு முன் காலி வண்டியை ஓட்டிப் பார்ப்போம். ஒரு சுற்று முடிய எத்தனை விநாடி என்று கணினி காட்டும். ஆள் ஏறியதும் அந்த நேரம் குறையும். தினமும் பார்த்தது.

---

கரும்பலகை | திங்கள், இரவு 10.48

ஒரு மணி நேரம் தாள் பென்சிலோடு உட்கார்ந்தேன். நீங்கள் சொல்வதுதான் சரி. காற்றுத்தடை வண்டியின் உருவத்தையும் வேகத்தையும் பொறுத்தது, எடையைப் பொறுத்ததல்ல. அதே தடையைக் கனமான வண்டி எதிர்கொள்ளும்போது அதன் வேகம் குறைவாகவே பாதிக்கப்படும். காற்றை விட்டுவிட்டுக் கணக்குப் போடும் வாத்தியார் புத்தி. நாளை பத்தாம் வகுப்புக்கு இதையே கேள்வியாகக் கொடுக்கப் போகிறேன்.

---

ஓலைச்சுவடி | திங்கள், இரவு 11.15

கடைசி வரிசைக்கு மருத்துவச் சான்றும் உண்டு! மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் வார்ட்டிங்கர் தன் நோயாளிகள் சிலருக்கு ரோலர் கோஸ்டரில் ஏறிய பிறகு சிறுநீரகக் கல் விழுந்ததைக் கேட்டு, சிலிகோன் ரப்பரில் ஒரு சிறுநீரக மாதிரி செய்தார். உள்ளே சிறுநீரும் நிஜக் கற்களும். அதைப் பையில் வைத்துக்கொண்டு டிஸ்னி வேர்ல்டின் பிக் தண்டர் மவுண்டனில் 20 முறை சுற்றினார்கள். முன் இருக்கையில் 24 கற்களில் 4 வெளியேறின. பின் இருக்கையில் 36இல் 23. சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு 2018இல் இதற்குக் கிடைத்தது.

வாழைத்தண்டுச் சாறு குடிக்கும் என் மாமாவிடம் இதைச் சொன்னேன். முறைத்தார்.

---

வெறும்வாய் | செவ்வாய், காலை 7.05

எல்லாம் சரி. இவ்வளவு பாதுகாப்பு என்கிறீர்களே, பிறகு ஏன் விபத்து நடக்கிறது?

---

பழைய தண்டவாளம் | செவ்வாய், காலை 10.20

இதற்கு நான் பதில் சொல்கிறேன். என் துறை.

ரயிலில் பாதையைப் பிரிவு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவில் ஒரு ரயில் மட்டும் என்று வைத்திருக்கிறோம். முன் ரயில் வெளியேறியது உறுதியான பிறகே பின் ரயிலுக்கு அனுமதி. ரோலர் கோஸ்டரிலும் அதேதான். டிஸ்னிலேண்டில் 1959இல் மாட்டர்ஹார்ன் கட்டியபோது குழாய்த் தண்டவாளத்தோடு இந்தப் பிரிவு முறையையும் மின்னணு வழியில் கொண்டுவந்தார்கள். அதனால்தான் ஒரே பாதையில் பல வண்டிகளை விட முடிகிறது.

2015 ஜூன் 2. இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸ் பூங்காவில் ஸ்மைலர் என்ற வண்டி. 14 முறை தலைகீழாகப் போகும், உலக சாதனை. அன்று பலத்த காற்று. சோதனைக்காக விட்ட காலி வண்டி ஒரு வளைவைத் தாண்ட முடியாமல் பள்ளத்தில் நின்றுவிட்டது. (நட்டுபோல்ட்டு சொன்ன காலி வண்டிக் கணக்கு இங்கே எப்படி வருகிறது பாருங்கள்.) 16 பேருடன் பின்னால் வந்த வண்டியைக் கணினி ஏற்றத்திலேயே நிறுத்தியது. அது தன் வேலையைச் சரியாகச் செய்தது. பொறியாளர்களுக்குப் பாதையில் கூடுதலாக ஒரு வண்டி சேர்த்திருப்பது தெரியவில்லை. எல்லா வண்டியும் வந்துவிட்டது, கணினிதான் பிசகுகிறது என்று நினைத்து அதன் தடையைக் கையால் நீக்கி அனுப்பிவிட்டார்கள். நேராகப் போய் மோதியது. பதினாறு பேருக்கும் காயம். இரண்டு இளம்பெண்களுக்குத் தலா ஒரு காலை எடுக்க வேண்டியதாயிற்று. மறு ஆண்டு, பூங்காவை நடத்தும் நிறுவனத்துக்கு நீதிமன்றம் 50 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது. தவறு அந்தப் பொறியாளர்களுடையது அல்ல, அவர்களுக்குச் சரியான நடைமுறையை வகுத்துக்கொடுக்காத நிர்வாகத்தினுடையது என்பதே தீர்ப்பின் சாரம்.

சிக்னல் சிவப்பாக இருந்தால் 'ஏன் சிவப்பு' என்று பாதையில் இறங்கிப் போய்ப் பார்க்க வேண்டும். அறைக்குள் உட்கார்ந்து முடிவெடுக்கக் கூடாது. எங்களுக்கு முதல் வாரமே இதைச் சொல்லிக்கொடுத்தார்கள்.

---

நட்டுபோல்ட்டு | செவ்வாய், பகல் 1.40

பழைய தண்டவாளம் ஐயாவுக்கு வணக்கம். எங்களுக்கும் வண்டிகளைக் கண்ணால் எண்ணிய பிறகே சாவி திருப்ப வேண்டும் என்று விதி.

கடைசிப் பிரேக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. செப்புக் குழாய்க்குள் காந்தத்தைப் போட்டால் மிதந்து மிதந்து இறங்குவதைப் பள்ளியில் பார்த்திருப்பீர்கள். நகரும் காந்தம் உலோகத்தில் உண்டாக்கும் சுழல் மின்னோட்டம்தான் அதைப் பிடித்து இழுக்கிறது. வண்டிக்கு அடியில் உலோகத் தகடு, பாதையில் நிலைக்காந்தம். தகடு காந்தங்களுக்கு நடுவே புகுந்தால் வேகம் தானாக இறங்கும். உராய்வு இல்லை, தேய்மானம் இல்லை, மின்சாரமே வேண்டாம். ஒரு குறை: வேகம் குறையக் குறையப் பிடியும் குறையும், முழுதாக நிறுத்தாது. கடைசி ஓரடிக்கு வேறு பிரேக் வேண்டும்.

நியூ ஜெர்சியில் 2005இல் திறந்த கிங்டா கா என்ற 139 மீட்டர் உயர வண்டிக்குச் சங்கிலியே கிடையாது. மணிக்கு 206 கி.மீ. வேகத்தில் நேராகத் தள்ளிவிடும். எதிர்க்காற்று அடித்தால் உச்சியைத் தொடாமல் பின்னால் உருண்டு வந்துவிடும். அப்போது அதைப் பிடித்தது இந்தக் காந்தங்கள்தான். நாய் இல்லாத ஊரில் காந்தம் காவல். அந்த வண்டியை 2025 பிப்ரவரியில் வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். காணொளியைப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை.

---

தென்னங்கீற்று | மூன்று வாரங்கள் கழித்து, ஞாயிறு, இரவு 8.15

இன்று மறுபடி போனோம். அவள் பிடிவாதத்தால் கடைசி வரிசை. நட்டுபோல்ட்டு அண்ணா, நீங்கள் சொன்ன சவுக்கு உண்மை; வயிறு இன்னும் உச்சியிலேயே இருக்கிறது. ஏறும்போது அவள் 'டக்' சத்தத்தை எண்ணிக்கொண்டே வந்தாள். 83க்குமேல் நான் கத்தத் தொடங்கிவிட்டதால் கணக்குத் தவறிவிட்டதாம். அதனால் அடுத்த மாதமும் போக வேண்டுமாம்.

---

வெறும்வாய் | ஞாயிறு, இரவு 8.31

செருப்பு கிடைத்ததா?

---

தென்னங்கீற்று | ஞாயிறு, இரவு 8.40

கேட்டேன். ஒரு சாக்கைக் கொண்டுவந்து கொட்டினார்கள். முழுக்க ஒற்றைச் செருப்புகள். இருபது நிமிடம் தேடினேன், என்னுடையது இல்லை. என் அளவில் வலது கால் மட்டும் மூன்று கிடைத்தது.